மாடி அறையில் எழவுப் பாட்டு

ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என்னை யாரைக் கேட்டு எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளராக்கினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளை என்பதே போதுமான தகுதியாகிவிட்டது. மருந்துச் சீட்டிலிருந்து மிக்சியோடு வந்த காகிதம் வரை எல்லாம் என் தலையில்தான் விழும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மாமாவின் பாட்டுக்கும் நானே அர்த்தம் சொல்ல வேண்டும் என்றபோதுதான் எரிச்சல் தாங்கவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெங்களூரில் வேலையில் இருந்தவர். தாத்தா இறந்த பிறகு அவர் இருந்த வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று அம்மா அவரை ராசிபுரத்துக்கு, எங்கள் மாடி அறைக்கு, கூட்டிவந்துவிட்டாள். காரியத்துக்கு மொட்டையடித்த தலையில் முடி முள்முள்ளாக முளைத்திருந்தது. போட்டிருப்பது மண்டையோட்டுப் படம் போட்ட கறுப்புப் பனியன். வேலைக்கும் திரும்பிப் போகவில்லை, கீழே வந்து நாலு பேரோடு பேசவும் மாட்டார். காலையிலிருந்து ஸ்பீக்கரில் பாட்டுத்தான். கீழே அப்பாவின் நெய்க்கடைக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "ஏனுங்க, மேல யாராச்சும் அடிச்சுக்கறாங்களா?" என்று விசாரிப்பார்கள். அப்பா நெய்யை அளந்துகொண்டே இருப்பார்.

"அது பங்க், சாமி, இங்கிலீஷ் பாட்டுல ஒரு வகை" என்று மாமா ஒருமுறை எனக்கு விளக்கம் கொடுத்தார். தாளமெல்லாம் குதித்து ஆடுகிற வேகத்தில் இருக்கும். பாடுகிறவன் மட்டும் கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டவன் போல அலறுவான். ஆடச் சொல்கிறானா அழச் சொல்கிறானா என்று முதலில் ஒரு முடிவுக்கு வந்து தொலைக்கக் கூடாதா என்றிருக்கும் எனக்கு.

அம்மாவுக்கு அழுகைப் பாட்டு புதிதல்ல. ஊரில் எந்த எழவு வீடானாலும் அம்மா எடுத்துக் கொடுத்தால்தான் மற்றப் பெண்களுக்கு ஒப்பாரி வரும். நெஞ்சு வெடிக்க அழுது பாடிவிட்டு வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, காப்பி குடித்துவிட்டு சீரியல் பார்ப்பாள். ஆனால் எங்கள் வீட்டுக்குள் ஒப்பாரியில் ஒரு வரி கேட்கக் கூடாது. ஒருநாள் சொப்பு வைத்து விளையாடும்போது அவளுடைய வரியையே முணுமுணுத்ததற்காக என் முதுகில் விழுந்த அடி எனக்கு மறக்கவில்லை. தாத்தாவின் சாவிலும் அம்மா தொண்டை கட்டும்வரை பாடினாள். மாமாதான் பந்தலுக்கும் ஐஸ் பெட்டிக்கும் ஓடிக்கொண்டிருந்தார். நடுவில் சுவரோரம் நின்று முகத்தைத் துடைத்தவரை, "ஆம்பளப் பையன் அழுதுட்டு நின்னா காரியத்த ஆரு பாக்கறது?" என்று ஒரு பெரியவர் விரட்டிவிட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துத் தெருவில் ஒரு சாவுக்குப் போய் வந்த அம்மா வாசல் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். மாடியில் பாட்டு அலறியது. டிவியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டாள்.

"சாமி, இங்க வா. என்னதான் சொல்றான் அவன்?"

கார்ட்டூன் போன கோபத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பாட்டுக்காரன் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கத்தியதால் ஒருவழியாகப் பிடிபட்டது.

"மண்ணுக்குள்ள போனவங்க திரும்ப வர மாட்டாங்களாம். அவங்க நாற்காலி சும்மா கெடக்குதாம். அதும்மேல இருட்டு வந்து உக்காந்துக்குச்சாம்."

அம்மா ஈரச் சேலையோடு மாடி ஏறினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். எனக்கு விழுந்த அடி மாமாவுக்கும் விழுந்தே ஆக வேண்டும், அதுதான் நியாயம்.

"ஏன்டா, உசுரோட இருக்கறவங்க ஊட்டுக்குள்ள எழவுப் பாட்டுப் போடறயே, உனக்குப் புத்தி இருக்குதா? இன்னைக்கு இத ஒடச்சுப்போட்டுத்தான் கீழ போவேன்!" என்று ஸ்பீக்கரைத் தூக்கினாள்.

மாமா பிடுங்கவில்லை, கத்தவும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"நீங்க போயி அழுதுட்டு வரதுக்கு ஊரெல்லாம் எழவு ஊடு இருக்குதுங்கக்கா. நான் எங்க போயி அழுவறது?"

அம்மாவின் கையில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டே இருந்தது. அவள் சேலையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. ஸ்பீக்கரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். அடி விழவில்லை. திட்டுக்கூட இல்லை.

"கதவச் சாத்திட்டு வா சாமி" என்றாள் என்னிடம். "பாடட்டும்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எனக்கொரு சட்டம், மாமாவுக்கொரு சட்டமா? அதிலும் அந்தக் கேள்வியைப் போல ஒரு அசட்டுக் கேள்வியை நான் அதுவரை கேட்டதில்லை. தாழ்ப்பாள் வைத்த தனி அறை, கட்டில், ஃபேன் எல்லாம் இருந்தும் அழுவதற்கு இடமில்லையாம். கதவைச் சாத்தினேன். கொஞ்சம் பலமாகவே சாத்தினேன்.