வெளியே ஊதும் ஏழு ஃபேன்கள்

என் அண்ணன் மனைவி மகேஸ்வரி மதினிக்குக் காற்று கண்ணுக்குத் தெரியும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில், மோகன்குமார் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். பழுது பார்ப்பார்கள். பாகங்களை வரவழைத்துப் புதுக் கம்ப்யூட்டரும் கட்டிக் கொடுப்பார்கள். கட்டுகிற வேலை பிரபுவுடையது. மதினிக்குத் தூசி தட்டுகிற வேலை. வருகிற பெட்டியைத் திறந்து, பிரஷ்ஷால் துடைத்து, ஊதி, மூடி வைக்க வேண்டும். மூன்று வருடமாக அதுதான். வெறும் பெட்டியிலிருந்து தொடங்கி ஒரு கம்ப்யூட்டரையாவது தன் கையால் கட்டி முடித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். இரண்டு முறையும் மோகன்குமார், "பாக்கலாம்மா" என்றார்.

அதற்கு முன் ஒன்பது வருடம் மதினி வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் இருந்தார். மில்லைப் பற்றிக் கேட்டால் ஷிஃப்டையோ சூப்பர்வைசரையோ பற்றிப் பேச மாட்டார். பஞ்சைப் பற்றித்தான் பேசுவார். மில்லுக்குள் மேலே இருக்கும் துவாரங்கள் வழியாக ஈரக்காற்று இறங்கும். தரையில் பதித்த கம்பி வலை வழியாக வெளியேறும். நடுவில் பஞ்சுத் துணுக்குகள் மிதந்துகொண்டே இருக்கும். மிஷின் சத்தத்தில் யாரோடும் பேச முடியாது. கை வேலையைச் செய்ய, கண் ஏதாவது ஒரு துணுக்கைப் பிடித்துக்கொள்ளும். அது எங்கே கிளம்பியது, எந்தத் தூணுக்குப் பின்னால் சுழன்றுகொண்டு நின்றது, எங்கே இறங்கி மறைந்தது என்று பார்த்துக்கொண்டே இருப்பாராம்.

"தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும்ப்பா. நம்மளச் சுத்தி அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலே மெதுவாகிவிடும்.

போன ஆவணியில், ஒரு சனிக்கிழமை காலை, ஆல்வின் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். அவன் கல்யாண வீடியோ எடுப்பவன். மறுநாள் மாலை வரவேற்பில் பெரிய திரையில் ஓட வேண்டிய படம் அதற்குள் இருந்தது. படத்தை முழுதாக்கி வெளியே எடுக்கும் வேலையைத் தொடங்கினால், சரியாக நாற்பதாவது நிமிடம் சூடு தொண்ணூற்றெட்டு டிகிரியைத் தொடும். கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். ஐந்து தடவை அப்படியே ஆகியிருந்தது.

"இன்னும் ரெண்டு ஃபேன் சேத்துப் போடுறா பிரபு" என்றார் மோகன்குமார்.

ஏற்கெனவே ஏழு இருந்தன. பக்கவாட்டில் மூன்று, மேலே மூன்று, பின்னால் ஒன்று. முன்பக்கமும் எதிர்ப் பக்கவாட்டும் கண்ணாடி. ஸ்டுடியோ வாசலில் வைத்து வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகவே ஆல்வின் கேட்டு வாங்கிய பெட்டி அது. கண்ணாடி வழியே பார்த்தால் ஏழும் ஏழு நிறத்தில் பூவாகச் சுற்றும்.

மதினி துடைக்கிற பஞ்சில் ஒரு இழை கிள்ளினார். ஓடுகிற ஃபேன் ஒவ்வொன்றின் வெளிப்பக்கமும் பிடித்துப் பார்த்தார். ஏழு இடத்திலும் இழை வெளியே பறந்தது. பிறகு கண்ணாடி ஓரத்து இடுக்கில், காலியாக இருந்த ஒரு திருகு ஓட்டையில் பிடித்தார். இழை வெடுக்கென்று உள்ளே இழுபட்டது.

"அண்ணே, ஏழும் வெளியதான் தள்ளுது. உள்ள கொண்டு வர ஒண்ணு கூட இல்ல."

"சூடு வெளிய போகணும்ல? அதுக்குத்தான ஃபேனு?" என்றான் பிரபு.

"போறதுக்கு முதல்ல ஒண்ணு உள்ள வரணுமேப்பா. மில்லுல ஒருநா காத்து அனுப்புற ஃபேன் நின்னுபோச்சு. உறிஞ்சுறது மட்டும் ஓடுது. கதவத் தொறக்க முடியல. நாலு பொம்பளைக சேந்து இழுத்தோம். உள்ள அம்புட்டுப் பேருக்கும் மூச்சு முட்டுது, வெளித் தூசி பூரா சந்துல வந்து விழுகுது."

"அது மில்லு, அக்கா. இது கம்ப்யூட்டரு."

"அது காத்துக்குத் தெரியுமா?"

பக்கவாட்டு மூன்றையும் திருப்பிப் போட வேண்டும் என்றார் மதினி. ஃபேனுக்கு முகம் உண்டு, முதுகு உண்டு. முகத்துப் பக்கம் காற்றை வாங்கி முதுகுப் பக்கம் விடும். எல்லா முகமும் அழகுக்காக உள்ளே பார்த்துக்கொண்டிருந்ததுதான் கோளாறு. மூன்றைத் திருப்பினால் கண்ணாடி வழியே கறுப்புக் கம்பியும், கம்பெனி லேபிளும், ஒயருமாகத் தெரியும்.

ஒன்றைத் திருப்பிப் பிடித்துக் காட்டியதும் ஆல்வின் பதறினான். "அய்யோ அக்கா! பொண்ணு மாப்பிள்ளைய மேடையில முதுகு காட்டி உக்கார வச்ச மாதிரி இருக்கு!"

"முகம் அழகாத்தான் இருக்கு. நாளைக்குத் திரையில எதக் காட்டுவ?"

ஆல்வின் தலையைச் சொறிந்தான்.

மோகன்குமார் நாற்காலியை விட்டு எழுந்தார். "மகேசு, உன் இஷ்டத்துக்கு மாத்திக்க. ஆனா மறுபடி அணைஞ்சுதுன்னா இனி இந்தக் கடையில நீ ஸ்க்ரூ டிரைவரத் தொடக் கூடாது. பிரஷ்ஷு மட்டுந்தான். என்னா?"

மதினியின் முகம் ஒரு கணம் வெளுத்தது என்று பிரபுவே பின்னால் சொன்னான். ஆனாலும், "சரிண்ணே" என்றார்.

மூன்றையும் திருப்பினார். மேலே இருந்த மூன்றில், உள்ளே வரும் காற்றுக்கு மிக அருகில் இருந்த ஒன்றைக் கழற்றிவிட்டார். வந்த காற்று வேலை செய்வதற்கு முன்பே அது உறிஞ்சிவிடும் என்றார். வாங்க மூன்று, விட மூன்று. பதினொரு மணிக்குப் படத்தை ஓடவிட்டார்கள்.

ஜன்னல் வழியே மலைக்கோட்டைப் பாறை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. எழுபத்தொன்று, எழுபத்தெட்டு. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் எண்பத்து நான்கு. பிரபுவும் ஆல்வினும் திரைமேலேயே விழுந்துவிடுகிறவர்கள் போல நின்றார்கள். மதினி எண்ணைப் பார்க்கவே இல்லை. பஞ்சில் பொடியளவு கிள்ளி, பக்கவாட்டு ஃபேனின் முன்னால் விட்டார். அது உள்ளே நுழைந்து, படத்தை ஓட்டுகிற சூடான பெரிய கார்டின் மேல் மெல்ல ஏறி, ஓரிடத்தில் யோசிப்பது போலத் தயங்கி, பிறகு அவசரமே இல்லாமல் மேலே எழுந்து வெளியே வந்தது. அந்த நேரத்தில் தனக்குக் கடை, வெயில், மோகன்குமார் எதுவுமே ஞாபகத்தில் இல்லை என்றார் மதினி. அந்தச் சின்னப் பெட்டிக்குள் தானும் நடந்து போய்க்கொண்டிருந்தாராம்.

நாற்பதாவது நிமிடம் கடந்தது. நாற்பத்தைந்தும் கடந்தது. எண்பத்து நான்கிலேயே எண் நின்றுகொண்டது. ஒன்றேகாலுக்குப் படம் முழுதாக வெளியே வந்தது.

ஆல்வின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "இத இனி வாசல்ல வைக்க முடியாதுக்கா" என்று முனகியபடி படியிறங்கினான். செவ்வாய்க்கிழமை புது ஆர்டர் வந்தது. கல்லூரியில் படிக்கும் ஹாஃபிஸா கேட்டிருந்த கம்ப்யூட்டர். அட்டைப்பெட்டிகளைப் பிரபுவின் மேசைவரை கொண்டுபோன மோகன்குமார், திரும்பி வந்து மதினியின் மேசையில் இறக்கினார். "சந்தேகம்னா பிரபுவக் கேட்டுக்க" என்று மட்டும் சொன்னார்.

மதினி வெறும் பெட்டியை எடுத்து எதிரில் வைத்துக்கொண்டார். அரை மணி நேரம் ஒரு திருகைக்கூட எடுக்கவில்லை. உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹாஃபிஸாவுக்குப் போன் செய்தார்.

"முடிஞ்சிருச்சாக்கா?" என்றாள் அந்தப் பெண் ஆவலாக.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லத்தா. முதல்ல ஒண்ணு சொல்லு. இத உங்க வீட்டுல எங்க வைக்கப் போற? எந்தப் பக்கம் சுவரு, எந்தப் பக்கம் ஜன்னலு?"

ஹாஃபிஸா தன் அறையை விவரிக்கத் தொடங்கினாள். மதினி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.