ஜெப வரிசையின் கடைசியில்

அப்பா கர்த்தரிடம் போய் ஒரு வருடம் நிறைகிறது. கானா நாட்டின் கடலோர ஊர் ஒன்றில் மீனவர் வீட்டில் பிறந்தவர் அவர். படிப்புக்காகச் சென்னை வந்து, சாந்தோமில் அறை எடுத்துத் தங்கி, அங்கேயே என் அம்மாவைக் கைப்பிடித்தார். குப்பத்து நண்பர்களிடம் தமிழ் கற்றதால், "கர்த்தர் இங்கதான் கீறாரு" என்றே கடைசிவரை பிரசங்கித்தார். அவர் நிறத்தைப் பார்த்து வீடு தர மறுத்தவர்கள் பலர். அப்பா யாரையும் நொந்துகொண்டதில்லை. கே.கே. நகரில் ஒரு மாடி ஹாலை வாடகைக்குப் பிடித்துச் சபையைத் தொடங்கினார்.

அன்றோடு அவர் எனக்கு மட்டும் அப்பாவாக இருந்தது முடிந்தது. சபையில் எல்லோருமே அவரை அப்பா என்றார்கள், என்னைவிட மூத்தவர்கள்கூட. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆராதனை முடிந்ததும் ஜெபத்துக்கு வரிசை கட்டுவார்கள். அப்பா ஒவ்வொருவர் தலையிலும் கை வைப்பார். பரவசத்தில் சாய்கிறவர்களைப் பின்னால் நின்று தாங்குவது என் வேலை. அடுத்தவர் தலையில் இருக்கும் அந்தக் கையை வருஷக்கணக்கில் எதிரே நின்று பார்த்தேன். நல்ல காரியம் என்று தெரியும், வயிற்றெரிச்சல்தான் அடங்காது.

பக்கவாதத்தில் அவருடைய வலது பக்கம் விழுந்த பிறகும் வரிசை ஓயவில்லை, வீட்டுக்கே வந்தது. ஆசீர்வாதத்துக்கு வலக்கைதான் வேண்டும் என்றார்கள். நான்தான் அதைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு தலையிலும் வைத்தேன். ஒரு மாலை பொறுக்க முடியாமல் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டேன்.

சபையின் மூத்த அக்கா ஒருவர், "எங்களுக்கும் அவர் அப்பாதானேம்மா" என்றார்.

"உங்களுக்கு வீட்ல ஒரு அப்பா கீறாரு, இங்க ஒரு அப்பா. எனக்கு இவரு ஒருத்தர்தான்க்கா" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. உள்ளேயிருந்து அப்பா, குழறிய குரலில், எல்லோரையும் வரச் சொன்னார். முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

எல்லோரும் போன பிறகு அவர் கையைப் போர்வைக்குள் வைக்கப் போனேன்.

"இன்னும் ஒரு ஆளு பாக்கி கீது" என்றார்.

வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை.

"நீதான் கண்ணு. ஒரு நாளும் வரிசையில வந்ததே இல்லியே. நானும் பாத்துகினேதான் இருந்தேன்."

இடக்கையால் யாருக்கும் எதையும் தரக் கூடாது என்பது அவருடைய ஊரிலும் வழக்கம். அன்று அந்த இடக்கையைத் தானே தூக்கி என் தலையில் வைத்தார். வெகு நேரம் அந்தக் கையை எடுக்கவே இல்லை. மறு வாரம் அவர் கண் மூடினார்.

அவரைக் குளிப்பாட்டிய சகோதரர்களுக்கும், எங்களுக்குச் சமைத்துப் போட்ட அந்த அக்காவுக்கும், கல்லறைவரை கூட நடந்த எல்லோருக்கும் என் நன்றி. அப்பாவின் வலக்கை உங்கள் எல்லோருடையதும். இடக்கை என்னுடையது.