அது அண்ணன்தானே

இங்கே டாக்டரைப் பார்க்கப் போனால், எங்கே வலி என்று கேட்கும் முன்பே நர்ஸ் வேறொன்று கேட்கிறாள்: வீட்டில் பயமில்லாமல் இருக்கிறாயா, யாராவது அடித்திருக்கிறார்களா? கனடா வந்த புதிதில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கேட்பதற்காகவே என் கணவரை வெளியே அனுப்பிவிடுவார்கள். அதட்டக்கூடத் தெரியாத மனுஷன், திருட்டு முழி முழித்துக்கொண்டு வராந்தாவில் நிற்பார்.

போன மாதம் இடது காதில் ஓயாத இரைச்சல் என்று போனேன். வழக்கமான கேள்விக்கு, “நோ, நெவர்” என்றேன். பொய்யில்லை, அப்படித்தான் நம்பியிருந்தேன். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர், சவ்வு எப்போதோ கிழிந்து ஆறியிருக்கிறதே, விபத்தா என்றார். “இல்லை, என் அண்ணன்…” என்று இழுத்தேன். யாரும் அடித்ததில்லை என்றீர்களே என்றாள் நர்ஸ். “அது அண்ணன்தானே!” என்றேன். அவள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னை இரக்கமாகப் பார்த்தாள். அவமானத்தில் எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

தேவதானத்தில் எங்கள் வீட்டில் அடி என்றால் அது வெளியாள் அடிப்பது. அப்பாவோ அண்ணனோ புருஷனோ கை நீட்டினால் ‘ரெண்டு வச்சான்’ என்பதோடு சரி. ராஜபாளையம் மில் ஆபீசில் நான் வேலை பார்த்த காலம். பட்டாளத்திலிருந்து லீவில் வந்த அண்ணன், எதிர்த்துப் பேசினேன் என்று காதோடு சேர்த்து அறைந்தான். ஆஸ்பத்திரியில் அம்மா, “பட்ஸ விட்டுக் கொடைஞ்சிட்டா சார்” என்றாள். நானும் தலையாட்டினேன், டாக்டரும் அப்படியே எழுதிக்கொண்டார். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் வழுக்கி விழுந்த பெண்கள்தான் எத்தனை பேர்!

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மனைவியை வீடியோவில் கூப்பிட்டேன். அவள் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அந்தத் துணியே அவள் நெற்றியில் சுற்றியிருந்தது.

“என்ன மதினி இது?”

“பாத்ரூம்ல வழுக்கிருச்சுட்டி.”

நர்ஸ் கேட்பதையே கேட்டேன். “அண்ணன் பக்கத்துல இருக்கானா? அடிச்சானா?”

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“இம்புட்டு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் கேக்கத் தோணிச்சாக்கும்? ஒன்னய அவிய அறைஞ்சப்ப நான் கல்யாணமாகி வந்த புதுசு. அடுப்படியில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மறுநா காலையில நீயே அவியளுக்குக் காப்பி கொண்டுபோய்க் குடுத்த. சரி, இந்த வீட்டுல இப்படித்தான் போலன்னு நெனைச்சுக்கிட்டேன்.”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“வீடியோவ அமத்து. மொகத்தப் பாத்துச் சொல்ல வரல” என்றாள் அவளே.

அமர்த்திவிட்டு, போனை வலது காதில் வைத்துக்கொண்டேன். ஊர் பேசுவதை அந்தக் காதில்தான் கேட்க முடிகிறது. இடது காது அந்த வீட்டிலேயே நின்றுவிட்டது.

“சொல்லுங்க மதினி” என்றேன்.