அவுக கூப்பிட்டாக

வக்கீல் ஞானசிகாமணி வழக்கைப் பற்றிப் பேசும்போது ‘நாங்கள்’ என்றுதான் சொல்வார். நாங்கள் என்றால் பேரூராட்சி. தேனிப் பக்கம் தெருக் கூட்டுபவரோ, தண்ணீர் திறந்துவிடுபவரோ வேலை போய்விட்டதென்று மதுரைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனால், நிர்வாகத்துக்காக எழுந்து நிற்பது பெரும்பாலும் அவர்தான். இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு.

ஆரம்பத்தில் அவர் நிர்வாகத்தின் பக்கத்து ஆள் இல்லை. போடி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் மகன். சட்டம் முடித்த கையோடு தொழிற்சங்கத்துக்குத்தான் வழக்கு நடத்தினார். ஐந்து வருஷத்தில் ஜெயித்தது இரண்டே இரண்டு. அதிலும் ஒருவருக்கு வேலையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது ஓய்வு வயது தாண்டிவிட்டது. பிறகு நிர்வாக வக்கீல்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. கொள்கையை விற்றுவிட்டார் என்று சங்கத்துக்காரர்கள் ஏசினார்கள். தோற்றுத் தோற்றுச் சலித்துப்போனார் என்பதுதான் உள்ளபடியான சங்கதி.

இந்தப் பக்கம் வந்ததும் கை தேறிவிட்டது. குறுக்கு விசாரணையில் அவர் குரலை உயர்த்த மாட்டார். ஆத்தா, அய்யா என்று ஊர்ப் பேச்சிலேயே கேட்பார். கூண்டில் நடுங்கிக்கொண்டு ஏறியவர்களுக்கு, சொந்தக்காரரோடு பேசுவதுபோலப் பேச்சு வந்துவிடும். பேசப் பேச மாட்டிக்கொள்வார்கள்.

கருத்தம்மாளும் அப்படித்தான் ஏறினார். கம்பம் பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் பதினோரு வருஷம் தெருக் கூட்டியவர். ஒருநாள் காலையில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் ஒப்பந்தக்காரர் தங்கப்பாண்டியன் கொண்டுவந்த ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது நிர்வாகம். கருத்தம்மாளின் மனுவோ வேறு சொன்னது. அவருடைய கணவர் சீனிச்சாமி அதே பேரூராட்சியில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். செயல் அலுவலர், ‘உன் சம்சாரத்தையும் வரச் சொல்’ என்று சீனிச்சாமியிடம் சொல்ல, அவர் போய்க் கூட்டிவந்தார். அது நிலைத்துவிட்டால் கருத்தம்மாள் நேரடியாக எடுத்த ஆள். வேலையைத் திரும்பக் கொடுத்தாக வேண்டும்.

“தங்கப்பாண்டியனைத் தெரியுமா ஆத்தா?” என்று கேட்டார் ஞானசிகாமணி.

“தெரியாம என்ன? கண்ட்ராக்டரு.”

“வேலைக்கு வான்னு ஒங்களக் கூப்பிட்டது யாரு?”

“அவுகதான் கூப்பிட்டாக.”

நீதிபதி வட மாவட்டத்துக்காரர். காதில் விழுந்ததை எழுத்துத் தமிழாக்கித் தட்டச்சருக்குச் சொன்னார்: “ஒப்பந்தக்காரர் தங்கப்பாண்டியனைத் தெரியும். அவர்தான் என்னை வேலைக்கு அழைத்தார்.”

ஞானசிகாமணிக்குச் சுருக்கென்றது. இந்தப் பக்கத்தில் கல்யாணமான ஒரு பெண், பெயர் சொல்லாமல் மொட்டையாக ‘அவுக’ என்றால் அது ஒரே ஓர் ஆள்தான். அவருடைய அம்மா நாற்பது வருஷமும் அவர் அப்பாவை அப்படியேதான் சொன்னார். கணவன் கூப்பிட்டால் அது நியமனமா என்று மடக்குவதற்கு அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருந்தார். இனி அதற்கு வேலையே இல்லை. எதிரே கருத்தம்மாளின் வக்கீல் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தை போதும். ‘அவுகன்னா யாரு ஆத்தா?’ அவ்வளவுதான். எதிர்த் தரப்பின் ஓட்டையை அடைப்பது என் வேலையா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார்கள். ‘அவர்தான்’ என்று காதில் விழுந்ததும், தன் கணவரைக் கோர்ட்டில்கூட மரியாதையாகச் சொல்கிறார்களே என்று கருத்தம்மாள் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

மனுதாரரே ஒப்புக்கொண்டார் என்று மனு தள்ளுபடியானது. அந்தத் தீர்ப்பைக் காட்டி இன்னும் நான்கு பேரின் வழக்கையும் முடித்துக் கொடுத்தார் ஞானசிகாமணி. தொழில் நன்றாகத்தான் ஓடியது.

இந்த வருஷம் ஆனி மாதம், ஒரு மத்தியான வேளையில், தேனியில் அவருடைய அலுவலகத்துக்குக் கருத்தம்மாள் மாடியேறி வந்தார். கையில் தீர்ப்பு நகல். வேலையைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, அதற்கு வழக்கமான சமாதானத்தை மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டார் வக்கீல்.

“அவுக செத்து நாலு மாசமாச்சு வக்கீலய்யா. சாகுற மட்டும் என்னய ஒரே ஏச்சு. ‘நாந்தான ஒன்னயக் கூட்டிட்டுப் போனேன், அதச் சொல்லத் தெரியாம கண்ட்ராக்டரக் கை காட்டிட்டு வந்திருக்கயே’ன்னு. நான் அப்பிடிச் சொல்லலன்னா நம்ப மாட்டேன்னுட்டாக. பேப்பருல இருக்குல்லன்னாக. எங்க வக்கீலு போன எடுக்க மாட்டேங்கிறாக. கேள்வி கேட்டது நீங்கதான? நான் தப்பாச் சொன்னேனா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.”

மழுப்பி அனுப்பியிருக்கலாம். இதற்கு மட்டும் அவரிடம் சமாதானம் எதுவும் கைவசம் இல்லை. நகலை வாங்கி அந்த வரியில் விரலை வைத்தார். வெட்கமாக இருந்தது.

“நீங்க அவுகன்னு சொன்னீக ஆத்தா. எழுதுனவுக அது கண்ட்ராக்டருன்னு எடுத்துக்கிட்டாக. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. மதுர ஹைகோர்ட்டுல இன்னும் ரிட் போடலாம். நல்ல வக்கீல் பேரு தாரேன்.”

கருத்தம்மாள் ரிட்டைக் காதில் வாங்கவே இல்லை. “அன்னைக்கே ஒங்களுக்குப் புரிஞ்சுச்சா?” என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வரவில்லை.

“புரிஞ்சுச்சு.”

அந்த அம்மாள் கத்தவில்லை, சாபம் விடவில்லை. தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். கதவுவரை போனவர் திரும்பினார்.

“வேலை கெடக்கட்டும், வக்கீலய்யா. அவுக இருக்கயில வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?”

ஞானசிகாமணி நாற்காலியை விட்டு எழுந்தார். கருத்தம்மாள் பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கிப் போய்விட்டார்.