இராகு காலத்தில் ஒரு மறுப்பு

எங்கள் வெள்ளவத்தை ஃபிளட்டில் ஐந்தாம் மாடிச் சுபோதினிக்குக் கள்ளம் பிடிப்பதுதான் உத்தியோகம். ஏதோ வெளிநாட்டுக் கம்பனியின் ஒன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. அதில் கள்ள ஆட்டம் ஆடி அளாப்புகிறவர்களை வீட்டிலிருந்தே கண்டுபிடித்துக் கணக்கை மூடிவிடுவாள். இரக்கமே கிடையாது. எதிர்வீட்டு ஐறீனாகிய நான் அவளோடு சீட்டு விளையாடுவதைக்கூட நிறுத்திவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை, தலையில் கட்டிய துவாயோடு வந்து கதவைத் தட்டினாள்.

"ஐறீன் அக்கா, ஒரு பாவப்பட்ட மனிசன்ர கணக்கைப் பன்னிரண்டு மணிக்கு மூடப்போறாங்கள்."

அந்த ஆட்டக்காரன் விடிந்தால் பொழுதுபட்டால் விளையாட்டுத்தான். ஆனால் தினமும் ஒன்றரை மணித்தியாலம் கைவைக்க மாட்டான். திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது, செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை. ஒரு வருடமாக ஒரு நிமிடம் பிசகவில்லை. மனிதனால் இது முடியாது, யாரோ மென்பொருளை ஓடவிடுகிறார்கள் என்று சுபோதினியின் மேலதிகாரி முடிவுகட்டிவிட்டார். பன்னிரண்டுக்குள் அவள் மறுப்பு அனுப்பாவிட்டால், அவன் ஏழு வருடம் விளையாடிச் சேர்த்ததெல்லாம் அவ்வளவுதான்.

"அது இராகு காலம் அக்கா. ஆரோ எங்கட ஆள்."

"அப்ப அதை எழுதி அனுப்பு."

"எழுதிட்டன். ஆனா இண்டைக்கு வெள்ளி. பத்தரையில இருந்து பன்னிரண்டு வரைக்கும் இராகு காலம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பத்தரைக்கு முந்தி என்ன செஞ்சுகொண்டிருந்த?"

"தலை முழுகினனான்."

சுபோதினி துவாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னை ஏறஇறங்கப் பார்த்தாள்.

"நீங்கள் வேதக்காரர்தானே அக்கா, உங்களுக்கு இராகு காலம் இல்லை. வந்து ஒருக்கா அமத்திவிடுங்கோ."

ஞானஸ்நானத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்று எங்கள் பாதர் சொன்னதேயில்லை. போய் அவளுடைய கதிரையில் உட்கார்ந்து, 'அனுப்பு' என்பதை அமத்தினேன். போகவில்லை. மவுஸைப் பிடித்திருப்பது வழமையான கை இல்லை, கணக்குக்கு உரியவர்தானா நீங்கள் என்று கம்பியூட்டர் கேட்டது. தன் கணக்கில் வேறு ஆளை உட்காரவைத்த குற்றத்துக்குப் போன மாதம் மட்டும் நாற்பது பேரை வெளியே தள்ளியவள் சுபோதினி. அவள் முகம் வெளிறிப்போனது.

"ஓம் எண்டு போடுங்கோ அக்கா."

"பொய் சொன்னா எங்களுக்கு எந்த நேரமும் இராகு காலம்தான்," என்று எழுந்துவிட்டேன்.

பதினொன்று ஐம்பத்தாறு. அவள் கதிரையில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். யாரென்றே தெரியாத ஒருவனுக்காக அவள் படும் பாட்டைப் பார்க்க எனக்கே கவலையாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அமத்தினாள்.

ஐந்து நிமிடத்தில் மேலதிகாரியின் பதில் வந்தது. அந்தக் கணக்கை மூடவில்லையாம். கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது: "உங்களுடைய வேலை நேரத்திலும் இதே இடைவெளிகள் இருந்ததால், உங்கள் இடத்திலும் மென்பொருள்தான் வேலை செய்கிறதென்று விசாரணை தொடங்கியிருந்தோம். இன்று அந்த நேரத்தில் நீங்கள் வேலை செய்ததால் கைவிட்டுவிட்டோம்."

சுபோதினி அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"என்னையும் மனிசியெண்டு ஒப்புக்கொண்டிட்டாங்கள் அக்கா," என்றாள்.