உயிரோடிருந்தவருக்குக் காரியம் செய்தவர்கள்

சூலூர் விசைத்தறிக்கூடம் ஒன்றில் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றும் வேலை பார்த்துவந்த தெய்வானை அம்மாள், போன வெள்ளிக்கிழமை காலை மாரடைப்பால் காலமானார். அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் போனில் சொன்னார். நான் உடனே தெய்வானை அம்மாளின் அண்ணனை அழைத்தேன். அவர் பதறவில்லை. "அவளுக்கு எப்பவோ காரியம் செஞ்சுபோட்டமுங்க. இனி நாங்க வந்து என்னங்க பண்றது?" என்றார். இவ்வளவு கேவலமான பேச்சை இவ்வளவு மரியாதையாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தினமும் குடித்துவிட்டு வந்து அடித்த கணவரைத் தெய்வானை அம்மாள் ஒருநாள் திருப்பி அடித்தார், அந்த ஆள் பிழைக்கவில்லை; இவர் சிறைக்குப் போனார். சிறையின் பெண்கள் பிரிவுக்கு நான் தையல் கற்றுக்கொடுக்கப் போனபோது, அந்தம்மா கடித்துவைக்கும், ஜாக்கிரதை என்று காவலர்கள் எச்சரித்தார்கள். தட்டை வீசுவார், மற்றவர்களின் முடியைப் பிடித்து இழுப்பார். எல்லாம் மனு நாளில்தான், அதாவது உறவினர்கள் வந்து பார்க்கும் நாளில். ஆண்கள் பிரிவுக்கு அம்மா, மனைவி, தங்கை என்று வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். இந்தப் பக்கம் பலருக்கு ஒருவரும் வருவதில்லை. ஆண் தப்புச் செய்தால் ஜாமீனுக்கு ஓடுகிற குடும்பம், பெண் செய்தால் தலைமுழுகிவிடுகிறது. அதைக் கேட்கத் துப்பில்லாதவர்கள் பெண் கைதிகளின் நடத்தைக் கோளாறு பற்றி ஏசி அறையில் கூட்டம் போடுகிறார்கள்.

ஒருநாள் அவருடைய ஊர்க்காரப் பெண் ஒருத்தி கைதியாக வந்தாள். தெய்வானை அம்மாளைக் கண்டதும் பேயறைந்தவள்போல நின்றாள். "ஏனுங்க அக்கா, நீங்க ஜெயில்லயே செத்துட்டீங்கன்னாங்க. உங்க காரியத்துச் சோறு நானும் தின்னேனுங்களே" என்றாள். தெய்வானை அம்மாளின் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க, ஜெயிலில் இருக்கும் அம்மா இடைஞ்சல் என்று அண்ணன் செய்த ஏற்பாடு அது. மகளும் நம்பி அழுதாளாம். தெய்வானை அம்மாள் அந்த இடத்திலேயே, சேதி சொன்னவளின் மண்டையை உடைத்தார். வந்து பார்க்க ஆளே இல்லாத அவருக்கு, மனு ரத்து என்று தண்டனை கொடுத்தார்கள்.

தெய்வானை அம்மாள் விடுதலையான பிறகு, கோவையில் வாழ்க்கைப்பட்டிருந்த மகளின் போன் நம்பரைத் தேடிக் கொடுத்தவளும் அந்த மண்டை உடைந்தவள்தான். இவர் ஒருமுறையும் அழைக்கவில்லை. "அவ பொழப்புக் கெட்டுருமுங்க டீச்சர். ஆனா ஒருக்கா அவ அம்மான்னு கூப்புட்டுக் கேக்கோணும்" என்பார்.

வெள்ளிக்கிழமை, அவர் என்னிடமும் எழுதிக் கொடுத்திருந்த அந்த எண்ணை நான் அழைத்தேன். யார் பிழைப்புக் கெட்டாலும் கெடட்டும் என்ற கோபத்தில்தான் அழைத்தேன். அம்மா அன்று காலைவரை உயிரோடு இருந்ததைச் சொன்னேன். மகள், இத்தனை வருடம் அம்மா எங்கே இருந்தார் என்று கேட்டாள். சூலூரில், காந்திபுரத்திலிருந்து ஒரே பஸ் என்றேன்.

மயானத்துக்குத் தனியாக வந்தாள். துணியை விலக்கி அம்மாவின் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அதற்குள் மாமனான அந்த அண்ணனுக்குச் சேதி எட்டி, அவளைப் போனில் பிடித்தார். "கொள்ளி நான் வெக்கறேனுங்க மாமா. எங்கூட்டுல நானே சொல்லிக்கறேன். நீங்க ஒருக்காச் செஞ்சதே போதுமுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு குனிந்து, காதருகே, அம்மா என்று கூப்பிட்டாள்.

தெய்வானை அம்மாளே, அந்தக் குரல் உங்களுக்குக் கேட்காமல் செய்தவர்களை நான் மன்னிக்கப்போவதில்லை. நீங்களும் மன்னிக்காமலேயே போய் வாருங்கள்.