உப்பில் எழுதிய நான்கு

1942, சித்திரை. காலை 5.40 வண்டிக்கு அம்பாசமுத்திரத்தில் ஏறினேன். கொழும்பில் ஜப்பான் குண்டு விழுந்ததிலிருந்து தூத்துக்குடியில் பாதி ஊர் காலியாகிவிட்டதாகப் பேச்சு. அங்கே என் தங்கை செல்லக்கனிக்கு எட்டாம் மாதம். கடையை விட்டு வரமாட்டேன் என்கிறாராம் மாப்பிள்ளை. அவரை விட்டு வரமாட்டேன் என்கிறாளாம் இவள். இருவரையும் அன்றே அழைத்து வந்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

மணியாச்சியில் வண்டி மாறவேண்டும். தூத்துக்குடியிலிருந்து வந்து நின்ற வண்டியில் கூரைவரை சாமான்கள். ஒரு அம்மாள் அம்மிக் குழவியை மடியில் வைத்திருந்தாள். அங்கே போகிற வண்டியிலோ என் பெட்டியில் என்னையும் சேர்த்து மூன்று பேர்.

11 மணி. தூத்துக்குடி ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிக்காரர் கடற்கரை ரோட்டுக்கு இரண்டணா கேட்டார்.

"திரும்பி வருவதற்கு?"

"மூணு ரூவா, அண்ணாச்சி."

"என்ன அநியாயம்!"

"உள்ள போறதுக்கு யாரு இருக்கா? வெளிய வாரதுக்குத்தான் அடிபிடி."

வழியில் பத்துக்கு எட்டுக் கடைகள் பூட்டியிருந்தன. மாப்பிள்ளை பொன்னையாவின் பலசரக்குக் கடையில் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. செல்லக்கனி டிரங்குப் பெட்டியைக் கட்டித் தயாராக வைத்திருந்தாள். "பின்கட்டுல இருக்காவ. நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்றாள். மதியம் 2.15க்கு வண்டி.

பின்கட்டில் மாப்பிள்ளையோடு காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் இருந்தார். மொய்தீன் காக்கா என்றார்கள்; காக்கா என்றால் அந்த ஊரில் அண்ணன். சிங்கப்பூரில் ஜப்பான்காரன் ஜவுளிக்கடையில் மூட்டை அடுக்கியவர், தை மாதம் கப்பலேறித் தப்பி வந்தவர். இருவருக்கும் நடுவே ஒரு தாம்பாளம் நிறையப் பொடியுப்பு. அதில் மாப்பிள்ளை விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஜப்பான்காரன் எண்ணு எழுதப் படிக்கேன், மச்சான். அவன் வந்தா விலைப்பலகை எழுதி வைக்கணும்லா? போலீஸ் பாத்தா உள்ள தள்ளிருவான். அதான் சிலேட்டு வேண்டாம்னுட்டேன், உப்புன்னா ஒரு தட்டுல அழிஞ்சிரும்."

"கடையை அடைத்துவிட்டுக் கிளம்புங்கள், மாப்பிள்ளை."

"வெள்ளைக்காரன் வந்தப்ப எங்க பாட்டன் கடைய அடைச்சாரா? எவன் வந்தாலும் சோப்பும் தீப்பெட்டியும் வேணும்."

ஒன்றுக்குக் குறுக்கே ஒரு கோடு. இரண்டுக்கு இரண்டு. மூன்றுக்கு மூன்று. இதற்கு ஒரு வாத்தியாரா என்று நினைத்து, நான்காவது கோட்டை நானே போட்டேன். காக்கா சிரித்தபடி அதை அழித்தார்.

"எல்லாரும் இங்கனதான் விழுவாங்க. நாலுன்னா பெட்டி."

எழுதிக் காட்டினார். இடப்பக்கம் ஒரு கோடு. மேலே தொடங்கி வலப்பக்கம் மடங்கி இறங்கும் கோடு இன்னொன்று. உள்ளே வளைந்த இரண்டு கால்கள். கடைசியில்தான் அடிக்கோடு. நான் அடிக்கோட்டை முன்னதாகவே போட்டுவிட்டேன், அழித்தார். கால்கள் பெட்டிக்கு வெளியே நீண்டன, அழித்தார். எதையும் அரைகுறையாக விட்டு எழுந்திருக்க என்னால் முடிவதில்லை. மாப்பிள்ளையின் பெட்டி கோணல் என்று நான் சொல்ல, என் பெட்டிக்குக் கால் நொண்டி என்று அவர் சொல்ல, நேரம் போனது தெரியவில்லை.

ஒழுங்கான நான்கு ஒன்று என் விரலில் வந்தபோது செல்லக்கனி வாசலில் நின்றாள்.

"ரயிலு கூவிட்டுப் போயிட்டு. கேட்டுச்சா? அண்ணன் வந்து இழுத்துட்டுப் போவாகன்னு பாத்தா, அண்ணனும் சேந்து உப்புல கோலம் போடுதாக!"

நான் விரலில் ஒட்டிய உப்பை வேட்டியில் துடைத்தேன். அவள் காக்காவின் பக்கம் திரும்பினாள்.

"காக்கா, ஜப்பான்காரனோட பழகுனவுக இங்க நீங்க ஒருத்தருதான். அவன் வந்தா இருப்பீகளா?"

காக்கா உப்பைக் கையால் சமமாகத் தடவினார். "பிள்ளைகள நேத்தே ஆத்தூருக்கு அனுப்பிட்டேன், தாயி. அஞ்சு மணி பஸ்ஸுக்கு நானும் போறேன்."

"இத எங்கிட்டச் சொல்லலியே, காக்கா!" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க எண்ணுதானே கேட்டீக, அண்ணாச்சி."

மாப்பிள்ளை எழுந்துபோய்க் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாக மாட்டினார்.

மாலை 6.30 வண்டி. ஜட்காவுக்கு மூன்றரை ரூபாய் ஆகிவிட்டது. செல்லக்கனியை ரயிலில் ஏற்றி உட்காரவைத்ததும் மாப்பிள்ளை இறங்கப் பார்த்தார். "சரக்க ஒதுக்கிட்டு நாளைக்கு வந்திருதேன்."

அவள் முந்தானை முடிச்சைத் தூக்கிக் காட்டினாள். "சாவி இங்க இருக்கு. என்னத்தத் தொறப்பிய? ஏறுங்க."

ஏறினார். காற்றில் உப்பு வாடை குறைந்து, உடைமரக் காடு வந்தது. மணியாச்சிவரை இருவரும் நின்றுகொண்டே வந்தோம்.

"மச்சான், பூட்ட இழுத்துப் பாத்தனா?"

"பார்த்தீர்கள்."

சற்றுநேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். மூன்றாம் தடவை கேட்டபோது செல்லக்கனி பெட்டிமேல் தலைசாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள். அம்பாசமுத்திரத்தில் காலையில் என் வீட்டுப் பூட்டை நான் இழுத்துப் பார்த்தேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.